கழுத்து வரை மணல்

மேனாம்பேடு,
12-7-1987

அன்புள்ள தம்பி வேம்புலிக்கு அக்கா சொர்ணம் எழுதுவது. நாங்கள் இங்கே கஞ்சியும் மூச்சுமாக இருக்கிறோம். பதான்கோட் வெயில் உன்னை வாட்டுகிறதா, பட்டாளத்துச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து இரும்புத் தகடுக் கட்டு அவர் முதுகில் விழுந்ததை முன்பே எழுதினேன். இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். கை இரண்டும் நன்றாக இருக்கின்றன, வாயும் நன்றாக இருக்கிறது. ஜன்னலோரம் நாடாக் கட்டில் போட்டிருக்கிறேன். பக்கத்துச் சந்தில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறார், நான் பக்கத்தில் போனால் மட்டும் சுவரைப் பார்க்கிறார்.

காலையும் மாலையும் அவரைக் கட்டிலிலிருந்து ஓட்டை போட்ட நாற்காலிக்கு மாற்ற வேண்டும், பிறகு குளிக்கிற கல்லுக்கு. அவர் எவ்வளவு பெரிய உடம்பு என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து அவருடைய அண்ணன் கோதண்டம் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. பட்டாளத்துக்குப் போகும் முன்னால் நீ ஓலைக் கொட்டகையில் இரும்பு தூக்குவாயே, அதை என்னைப் போல ஒருத்தி வீட்டிலேயே தொடங்க முடியுமா? இரும்பு வாங்கக் காசு கிடையாது. மாமாவை நான் ஒருத்தியே தூக்க வேண்டும். எத்தனை நாளில் முடியும் என்று எழுது. சீக்கிரம் எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்க்கும்
அக்கா சொர்ணம்


பதான்கோட்,
2-8-1987

அன்பு அக்காவுக்கு வேம்புலியின் வணக்கம். எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவை ரொம்பக் கேட்டதாகச் சொல். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு, அவரும் சிரிக்கட்டும்.

சிரிக்காதே என்று எழுதினாய். பாரக்கில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தண்ணீர்க் குடம் தூக்கவே எதிர்வீட்டு முனியம்மாவைக் கூப்பிடுகிறவள் பயில்வானாகப் போகிறாளாம்! கோதண்டம் மாமா கல் மாதிரி பக்கத்திலேயே இருக்கும்போது உனக்கு எதற்கு இந்த வம்பு?

சரி, கேட்டுவிட்டாய். பெயிண்டர் யாரிடமாவது பெரிய காலி டின் இரண்டு வாங்கு. பழைய இரும்புக் கடையில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டு கேள். குழாயின் இரண்டு முனையிலும் டின்னைக் கயிற்றால் கட்டு, ஆடாமல் இருக்க வேண்டும். அடியில் கொஞ்சம் மணல் போட்டுத் தொடங்கு. குழாய் முழங்காலை உரசுகிற மாதிரி நில். மார்பை நிமிர்த்து, முதுகை வளைக்காதே. தரையைக் காலால் கீழே தள்ளுகிறோம் என்று நினைத்து எழு. தூக்குவது கை இல்லை அக்கா, தொடை. ஒருநாள் தூக்கு, ஒருநாள் விடு. வாரத்துக்கு ஒரு படி மணலுக்கு மேல் கூட்டாதே. டின்னில் கரியால் கோடு போட்டுக்கொள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இரண்டு டின்னும் கழுத்து வரை நிரம்பினால்தான் மாமாவின் கனம் வரும். அதற்கு முன்னால் தனியாகத் தூக்கினால் உன் முதுகும் போய்விடும், அப்புறம் கட்டில் இரண்டாகும். சாப்பாடு முக்கியம். வேர்க்கடலை ஊறவைத்துத் தின்னு. முட்டை கிடைத்தால் விடாதே.

உன் பயில்வான் தம்பி
வேம்புலி


மேனாம்பேடு,
30-8-1987

அன்புள்ள தம்பிக்கு, நலம் என்று எழுதுகிற அளவுக்கு இருக்கிறோம். உன் கடிதத்தை மாமா வாங்கி அவரே இன்னொரு தடவை படித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

தொடங்கிவிட்டேன். டின் இரண்டும் துலுக்காணத்தம்மன் கோயிலுக்கு வர்ணம் அடித்த பெயிண்டர் கொடுத்தது. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். கட்டிலுக்கு எதிரிலேயே வைத்துத் தூக்குகிறேன். மாமாதான் வாத்தியார். "முதுகு வளையுது பாரு, இன்னா பொம்மனாட்டி நீ, நிமுந்து நில்லு" என்று அதட்டுகிறார். முதல் வாரம் மாவாட்ட உட்கார்ந்தால் எழ முடியவில்லை. முனியம்மா எட்டிப் பார்த்து, "யக்கா, உனுக்கு பைத்தியம் கீது புட்ச்சிகிச்சா?" என்று கேட்டாள். அவள் கோழிகள் எல்லாம் இப்போது நம் ஜன்னலடியிலேதான் குடியிருக்கின்றன. இங்கே பொறுக்க என்ன இருக்கிறதோ தெரியவில்லை. அதற்கு வாடகை போல எப்போதாவது ஒரு முட்டை கொண்டுவந்து கொடுக்கிறாள், அதையும் மாமா எனக்கே கொடுத்துவிடுகிறார்.

கோதண்டம் டின்னைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்த வீம்பு? நான் உயிரோட கீறேன் இல்ல?" என்றார். நான் மறுபடியும் குழாயைப் பிடித்தேன்.

மழைக்காலம் வருகிறது. ஈரத் துணியோடு நிற்காதே.

அக்கா சொர்ணம்


பதான்கோட்,
20-9-1987

அன்பு அக்காவுக்கு, அவசரமாக நாலு வரி. உடம்பு சுகம். எங்கள் பிரிவு மலைக்கு மாறுகிறது. அங்கே பனி விழுந்தால் பாதை மூடிவிடுமாம், கடிதம் முன்னே பின்னே வரும். பயப்படாதே.

நடு முதுகு வலித்தால் நீ குனிகிறாய் என்று அர்த்தம், மணலைக் குறை. தொடை வலித்தால் நல்லது.

போன தடவை நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. கோதண்டம் மாமா இருக்கும்போது நீ ஏன் தனியாகத் தூக்க வேண்டும்? அவர் சரியாக வருவதில்லையா? வராவிட்டால் சொல், நான் அவருக்கே எழுதுகிறேன்.

வேம்புலி


அம்பத்தூர் தபாலாபீஸ்,
12-10-1987

தம்பி,

இதை வீட்டில் எழுத முடியாது. தபாலாபீஸ் மேசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நலம் விசாரிக்கவும் மனம் இல்லை, மன்னித்துக்கொள்.

அவர் சரியாக வருகிறார். அதனால்தான்.

மாமாவைத் தூக்கும்போது ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். மாமாவின் முதுகுக்குக் கீழே என் கை இருக்கும். அங்கே அவர் கை என் கையைத் தேடி வந்து பிடிக்கும். பிறகு இடுப்புக்கு வரும். அதற்கு மேலும் வரும். என் கையை எடுத்தால் மாமா கீழே விழுந்துவிடுவார். அது அவனுக்குத் தெரியும். மாமாவைத் தூக்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் நான் ஒன்றும் செய்ய முடியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவசரமே படமாட்டான். இதைப்போல ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

முதல் தடவை தெரியாமல் பட்டது என்று நினைத்தேன். பிறகு சமையற்கட்டுக்குள் வந்து நின்று, "வெளில சொன்னா நீதான் கூப்ட்டேன்னு சொல்வேன், யாரு நம்புவாங்க?" என்று சொன்னான். அவன் பெண்டாட்டி பார்வதத்திடம் லேசாக வாயெடுத்தேன். "தூக்கி உட ஆள் இல்லாம கெடக்கறீங்க, அப்பவும் இந்த வாயா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனியம்மா புருஷனைக் கூப்பிடலாம் என்றால், "அண்ணன் நான் இருக்கும்போது வேற்றாளா?" என்று தெருவில் நின்று கத்துவான்.

மாமாவுக்குத் தெரியாது. தெரியவே கூடாது. எழுந்து நிற்க முடியாதவர், தெரிந்தால் அந்தக் கட்டிலிலேயே வெந்து செத்துப்போவார்.

பதிலில் இதைப் பற்றி ஒரு எழுத்தும் எழுதாதே. உன் கடிதத்தை மாமா படிக்கிறார். டின்னைப் பற்றி மட்டும் எழுது. கோடு இன்னும் பாதிக்கு வரவில்லை. வேகமாக ஏற்ற வழி இருந்தால் எழுது.

சொர்ணம்


மலை முகாம்,
8-11-1987

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும், இங்கே உடம்பு சுகம், குளிரில்தான் பல் கிட்டுகிறது.

டின்னைப் பற்றி எழுதுகிறேன். நான் லீவு கேட்டேன், இப்போது ஒருவருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் கேட்பேன். டின்னை வேகமாக ஏற்ற வழி கிடையாது. இருந்தால் என் தலையை அடகு வைத்தாவது சொல்லியிருப்பேன். நேற்று காவலில் நின்று அதையேதான் யோசித்தேன்.

தூக்கும்போது கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்று. மாமாவின் இரண்டு கையையும் உன் கழுத்தைச் சுற்றிக் கோக்கச் சொல். உன் கை அவர் அக்குளுக்குள் போய் முதுகில் பூட்ட வேண்டும். உன் முழங்காலால் அவர் முழங்காலை அணை கொடு. அப்படித் தூக்கினால் இன்னொரு ஆள் நிற்க இடமே இருக்காது.

தூக்கி முடித்ததும் டின்னைக் கழற்றிவிட்டுக் குழாயைக் கதவோரம் சாத்தி வை. டின் இல்லாத குழாய் உன் கைக்கு இப்போது மிகவும் லேசாக இருக்கும். தினமும் அதை ஓங்கிப் பழகு. அதுவும் பயிற்சிதான்.

முட்டை சாப்பிடு அக்கா.

வேம்புலி


மேனாம்பேடு,
6-12-1987

என் உயிர்த் தம்பிக்கு, உனக்குக் கோடி புண்ணியம். மலைக்காற்று உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

தூக்கிவிட்டேனடா! வெள்ளிக்கிழமை காலையில் மாமாவே சொன்னார், "இன்னிக்கி தூக்கிப் பாரு சொர்ணம்" என்று. டின் நிரம்பவில்லையே என்று சொன்னேன். "அத்த உடு, நீ தூக்கு" என்றார். நீ எழுதியபடியே கையைப் பூட்டி, முழங்காலை அணை கொடுத்து, எழுந்தேன். எழுந்துவிட்டார்! நாற்காலியில் உட்கார வைத்த பிறகும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விடவில்லை. அவர் அழுதார், நானும் அழுதேன்.

வழக்கம்போலக் கோதண்டம் வந்தான். கதவிலேயே நின்று, "இனிமே நீ வரத் தேவல, என் ஊட்டுக்காரரை நானே பாத்துக்குவேன்" என்றேன். "ஒரு நாள் தூக்கிட்டா பயில்வானாய்ட்டியா?" என்று உள்ளே கால் வைத்தான். குழாய் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவன் அதைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், போய்விட்டான். அவன் திரும்பி வரவே இல்லை. மாலையும் நானே தூக்கினேன்.

பார், டின்னில் மணல் பாதியைத்தான் தாண்டியிருக்கிறது. நீ கழுத்து வரை என்றாய். உன் அக்காவைக் குறைத்து எடை போட்டுவிட்டாய், பயில்வான்! முனியம்மா இப்போது தினமும் முட்டை தருகிறாள். கோழிகள் அத்தனை கொழுப்பு. மாமாவுக்குத்தான் முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது. படுத்தே கிடக்கிறவர், இளைக்கத்தானே செய்வார்?

சந்தோஷத்தோடு
அக்கா சொர்ணம்


மலை முகாம்,
24-12-1987

அன்பு அக்காவுக்கு, சுகம். உன் கடிதத்தைப் படித்து விசிலடித்தேன், பக்கத்துக் கூடாரத்துக்காரன் ஓடி வந்துவிட்டான். கதவோரக் குழாய்க்கு என் சல்யூட். அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

படுத்த பிறகு ஒரு விஷயம் இடித்தது. மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. பாதி டின்னைத் தூக்குகிறவள் மாமாவைத் தூக்க முடியாது. நானே அந்தக் கொட்டகையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நம் ஆசைக்காக மணல் எடை மாறாது. நீ பாதி டின்தான் தூக்குகிறாய் என்றால், நீ தூக்கியது பழைய மாமா இல்லை.

முகம் வாடியிருக்கிறது என்று எழுதினாய். அவர் தட்டைக் கவனி. நீ பக்கத்தில் இல்லாதபோது கவனி. இந்தக் கடிதத்தை அவருக்குப் படிக்கக் கொடுக்காதே.

பாதை மூடப்போகிறது. இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியவில்லை.

வேம்புலி


மேனாம்பேடு,
17-1-1988

அன்புள்ள தம்பிக்கு, உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பனியில் நல்லபடியாக இருக்கிறாயா? பொங்கலன்று உன் பெயரைச் சொல்லித்தான் பானையை இறக்கினேன்.

மாமாவுக்கு இடுப்பில் படுக்கைப்புண் வந்துவிட்டது. தினமும் கழுவி மருந்து வைக்கிறேன், மூடுவதாக இல்லை. இரண்டு நாளாகக் காய்ச்சல். மருந்துக் கடைக்காரர் நாட்டுச் சர்க்கரை கலந்து பால் கொடுக்கச் சொன்னார். கொடுத்தால், "வெச்சிட்டு போ, ஆறட்டும்" என்கிறார். டம்ளர் காலியாகத்தான் திரும்புகிறது. ஆனாலும் மார்பெலும்பு தெரிகிறது.

கோதண்டம் உள்ளே வருவதில்லை. தெருவில் நின்று பேசுகிறான். "என் தம்பிய பட்டினி போட்டு சாவடிக்கிறா, அதான் என்னை ஊட்டுக்குள்ள உட மாட்றா" என்று குழாயடியில் சொல்லியிருக்கிறான். தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அவருக்கு வைத்துவிட்டு மிஞ்சினதைத்தான் நான் தின்கிறேன். நானா பட்டினி போடுகிறேன்?

தூக்குவதில் கஷ்டமே இல்லை. நாளுக்கு நாள் சுலபமாக இருக்கிறது. என் கைக்குப் பலம் வந்துவிட்டது, அவர் உடம்புக்குத்தான் என்ன வந்ததென்று தெரியவில்லை.

ஒரு வரியாவது எழுது.

அக்கா சொர்ணம்


மேனாம்பேடு,
14-2-1988

தம்பி,

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ எழுதிய கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. கொல்லையில் நின்று படித்தேன்.

சோற்றைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கோழிகள் எனக்கு முன்னாலேயே வந்து தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. உள்ளிருந்து கை வந்தது. சோறு வந்து விழுந்தது. இன்னொரு பிடி. குழம்பில் இருந்த கத்தரிக்காய்த் துண்டைக்கூட விடவில்லை. கடைசியில் பால் டம்ளர் வந்து கவிழ்ந்தது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுக்கவும் இல்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான்.

"யாருகிட்ட கோவம் உனுக்கு? எம்மேலயா?" என்று கேட்டேன்.

"உம்மேல இன்னா கோவம்? டின்னு நெரம்பணும்னு உன் தம்பி எழுதினான்ல? நெரம்பற வரைக்கும் என் அண்ணன் வந்துகினே இருப்பான். டின்னு எப்ப நெரம்பறது? அதான் நான் கொறஞ்சிகினேன்."

கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு காலுதான் இல்ல சொர்ணம், கண்ணு கீது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தொங்கிகினு இருந்தது நான்தானே? உன் மூஞ்ச பாத்துகினேதான இருந்தேன். சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல."

அவருக்குத் தெரியாது என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்குத் தாங்காது என்று நினைத்து அவர் மூடிக்கொண்டிருந்தார். அந்த நேரமெல்லாம் அவன் வந்துபோய்க்கொண்டிருந்தான்.

இன்னொன்று கேள். முட்டை கொடுக்கச் சொல்லி முனியம்மாவிடம் சொன்னதே அவர்தான். "என் சோத்த உன் கோழி துன்னுது, முட்டைய என் பொண்டாட்டிக்கு குடு, அவகிட்ட சொல்லாத" என்றாராம். அவளும் ஏதோ கொஞ்சம் மிச்சம் போடுகிறார் என்றுதான் நினைத்திருக்கிறாள். முட்டையை விடாதே என்று நீ எழுதியதைப் படித்துத்தான் செய்திருக்கிறார். நான் தின்ற ஒவ்வொரு முட்டையும் அவர் வயிற்றுக்குப் போக வேண்டிய சோறு. அன்றைக்கு முழுக்க வாந்தி எடுத்தேன்.

டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். உடம்பில் சத்து இல்லாமல் புண் மூடாது, நன்றாகச் சாப்பிட்டால் பார்க்கலாம், இல்லாவிட்டால் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் மாட்டேன் என்கிறார். "கனமாய்ட்டா மறுபடி அவன்தான் வருவான்" என்கிறார்.

என்ன செய்வேன்? டின் இரண்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். மணல் வாளியையும் வைத்தேன். "நீ ஒரு பிடி துன்னா நான் ஒரு பிடி போடுவேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன், அவன் வரட்டும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எப்படி மனம் வந்ததோ. வெகுநேரம் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

சொர்ணம்


மலை முகாம்,
10-3-1988

அக்கா, ஹெலிகாப்டரில் உன் கடிதங்கள் எல்லாம் ஒரே மூட்டையாக வந்தன. நான் எழுதிய அந்த 'கழுத்து வரை' என்ற சொல்லை அழிக்க முடிந்தால் அழித்துவிடுவேன். சித்திரையில் பதினைந்து நாள் லீவு தருகிறார்கள். முதலில் கோதண்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குள் வருவேன். மாமா சாப்பிடுகிறாரா? அதை மட்டும் உடனே எழுது.

வேம்புலி


மேனாம்பேடு,
27-3-1988

அன்புள்ள தம்பி வேம்புலிக்கு, மாமாவும் நானும் உன் வரவுக்குக் காத்திருக்கிறோம். மலையிலிருந்து இறங்கும்போது பார்த்து வா.

நீ கோதண்டத்தை அடிக்க வேண்டாம். அடித்துவிட்டு நீ ரயிலேறிவிடுவாய், நான் இங்கேதான் குழாயடிக்குப் போக வேண்டும். நீ எழுதியதில் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்து மருகாதே. வந்தால் மாமாவோடு உட்கார்ந்து சாப்பிடு. ஆள் எதிரில் இருந்தால் நாலு பிடி கூட இறங்குகிறது. கட்டிலை ஜன்னலைவிட்டுத் தள்ளிப் போட்டுவிட்டேன். புண் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாகக் கட்டுகிறது என்று டாக்டர் சொன்னார். ஆழம் இன்னும் ஆறவில்லை, காய்ச்சலும் விட்டுவிட்டு வருகிறது. பிழைத்துவிட்டார் என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நேற்று அவராகவே இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார். இன்று காலையில் அவரைத் தூக்கப் போனேன், எழவில்லை. இரண்டு பேருமாகக் கட்டிலில் சரிந்துவிட்டோம். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். செருப்புச் சத்தம் வந்து நம் கதவுக்கு வெளியே நின்றது. "இன்னா, முடியலியா?" என்று குரல் கொடுத்தான்.

மாமா என்னைப் பார்த்தார், பிறகு மூலையில் இருந்த சோற்றுப் பானையைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். கையைப் பூட்டினேன். கட்டைவிரலை ஊன்றினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைக் கீழே தள்ளினேன், நீ சொன்ன மாதிரி. கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது.

எழுந்தார். வெளியே செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

கனமாக இருந்தார் தம்பி. நல்ல கனமாக இருந்தார்.

உன் அக்கா
சொர்ணம்